பெலாஜியோவில் என் முதல் போக்கர் மேசை

லாஸ் வேகஸின் பெலாஜியோ கேசினோவில், போக்கர் மேசையில் 200 டாலரோடு உட்கார்ந்தேன். நாலரை மணி நேரம் ஆடினேன். 143 டாலரோடு எழுந்தேன். போன 57 டாலருக்காக நான் வருத்தப்படவில்லை. லாஸ் வேகஸுக்கு வருகிற நம்மவர்கள் பலர் ஸ்லாட் மெஷினில் ஐம்பது, நூறு விட்டுவிட்டு, ஃபவுன்டன் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். போக்கர் அறையைக் கயிற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்பதோடு சரி. நானும் மூன்று தடவை அப்படி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவள்தான். இந்தத் தடவை உள்ளே போய் உட்கார்ந்தேன்.

எனக்கு 51 வயது. அரிசோனாவில் சாண்ட்லரில் ஒரு பல் மருத்துவமனைக்குக் கணக்கு எழுதுகிறேன். சொந்த ஊர் விருதுநகர். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முந்தின ராத்திரி பெரியவர்கள் திண்ணையில் ரம்மி ஆடுவார்கள். பிள்ளைகளுக்குக் காசு கிடையாது, ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை. ஜெயித்தவன் டவுசர் பை நிறையக் கொட்டையோடு அலைவான். அதே வீட்டில்தான் எங்கள் சித்தப்பா மங்காத்தாவில் சித்தியின் ஐந்து பவுன் சங்கிலியைத் தோற்றுவிட்டு வந்தார். சித்தி அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு சீட்டுக்கட்டைக் கண்டாலே அம்மாவின் முகம் மாறிவிடும். இரண்டும் என் மனதில் சேர்ந்தே கிடக்கின்றன. இதைச் சொல்லாமல் கேசினோவைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

போக்கரைச் சொல்லிக் கொடுத்தது என் மகள். இரண்டு வருஷமாக ஃபோனில், காசில்லாத பொய்ச் சிப்பில் (சிப் என்பது காசுக்குப் பதில் வைக்கும் வில்லை) ஆடினேன். டெக்ஸஸ் ஹோல்டம்தான். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்ட வேண்டும், அல்லது அதற்கு முன்பே மற்றவர்களை விலக வைக்க வேண்டும். கணக்கு எழுதுகிறவளுக்கு இது பிடிக்காமல் போகாது. ஒரே ஜாதிச் சீட்டு நாலு சேர்ந்திருந்தால் ஐந்தாவது அடுத்த சீட்டாகவே வர ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு. கையில் ஜோடி வருவது பதினேழு தடவைக்கு ஒரு தடவை. இதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

மங்காத்தாவிலிருந்து இதைப் பிரித்து வைப்பது ஒரே ஒரு விஷயம். ரூலெட்டில் நீங்கள் ஆடுவது கேசினோவோடு. இரண்டு பூஜ்யம் உள்ள அமெரிக்கச் சக்கரத்தில் வைக்கும் ஒவ்வொரு நூறு டாலரிலும் சராசரியாக 5.26 டாலர் அவர்களுக்குப் போகும். எவ்வளவு யோசித்தாலும் அது மாறாது. போக்கரில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களோடு ஆடுகிறோம். கேசினோ மேசையையும் சீட்டுப் போடும் டீலரையும் கொடுத்துவிட்டு, நடுவில் சேரும் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அதற்கு ரேக் என்று பெயர். பெரும்பாலான இடங்களில் பத்து சதவீதம், அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். ஆகவே புதிதாக வருகிறவரை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் ஓர் அறையின் தரம் இருக்கிறது என்பது என் கட்சி.

இதை நான் தெரிந்துகொண்டது பெலாஜியோவில் இல்லை, முதல் நாள் வேறொரு இடத்தில். அதன் பெயர் வேண்டாம். ஹூவர் அணை வழியாக ஐந்து மணி நேரம் காரில் வந்த களைப்போடு சாயங்காலமே அங்கே போய் உட்கார்ந்தேன். மூன்றாவது கையில், அதாவது மூன்றாவது ஆட்டத்தில், நல்ல சீட்டு வந்தது. 25 டாலருக்கு ஏற்றலாம் என்று அந்த மதிப்புள்ள ஒரு பச்சைச் சிப்பை எடுத்து வைத்தேன். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. டீலர் "கால்" என்று சொல்லிவிட்டு 22 டாலரை என் பக்கமே திருப்பித் தள்ளினார். நான் விழித்தேன். ஒற்றைச் சிப்பைப் பேசாமல் வைத்தால், அது எவ்வளவு பெரிய சிப்பாக இருந்தாலும், முன்னால் வைத்தவர் அளவுக்குச் சமம் செய்ததாகத்தான் கணக்கு. எல்லா அறையிலும் உள்ள விதிதான், தவறு என்னுடையது. ஆனால் என்ன நடந்தது என்று டீலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் "வீட்டில் ஆடிப் பழகிவிட்டு வரலாமே" என்றார். மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதன் பிறகு என் முறை எப்போது வருகிறது என்பதே எனக்குப் புரியவில்லை. நாற்பது நிமிஷத்தில் நூறு டாலர் போனது. அறைக்குத் திரும்பும்போது, நாளைக்கே ஊருக்குப் போய்விடலாம் என்றேன் கணவரிடம்.

அவர்தான் "இன்னொரு இடத்தில ஒரு தடவை பார்த்துட்டு முடிவு பண்ணும்மா" என்றார்.

பெலாஜியோ 1998 அக்டோபரில் திறந்த ஹோட்டல். வரவேற்பறைக் கூரையில் கண்ணாடிச் சிற்பி டேல் சிஹூலி செய்த ஏறக்குறைய 2,000 கண்ணாடிப் பூக்கள் பூத்துத் தொங்குகின்றன. கணவர் அங்கேயே ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் கேசினோ வழியே நடந்து போக்கர் அறைக்குப் போனேன். வழியெல்லாம் சிகரெட் வாடை. நெவாடா கேசினோக்களில் புகைபிடிக்க இன்றும் அனுமதி உண்டு. போக்கர் அறைக்குள் அது கிடையாது. ஆஸ்துமாக்காரிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

வாசல் மேசையில் இருந்த பெண்ணிடம், முந்தின ராத்திரி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "ஒன்று-மூன்று நோ லிமிட் ஆட வேண்டும், கேசினோவில் எனக்கு இது புதிது." அவர் பெயரைக் குறித்துக்கொண்டு, சிப் எங்கே வாங்க வேண்டும் என்று காட்டினார். என்னை மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனவரிடமும், "இவர் புதியவர்" என்று நான் கேட்காமலே சொல்லி அனுப்பினார். நல்ல அனுபவம் அந்த நிமிஷத்திலேயே ஆரம்பித்துவிட்டது.

ஒன்று-மூன்று என்றால், டீலருக்குப் பதில் சுற்றி வரும் வெள்ளை பட்டனுக்கு இடது பக்கம் இருப்பவர் ஒரு டாலரும், அடுத்தவர் மூன்று டாலரும் சீட்டைப் பார்க்கும் முன்பே வைக்க வேண்டும். அவற்றுக்கு பிளைண்ட் என்று பெயர். நோ லிமிட் என்றால், ஒருவர் தன் முன்னால் இருக்கும் சிப் முழுவதையும்கூட வைக்கலாம். எங்கள் மேசையில் ஒன்பது பேர். எனக்கு ஆறாவது இருக்கை, டீலருக்கு ஏறக்குறைய நேர் எதிர். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு ஒரு யோசனை: நாலாவதிலிருந்து ஆறாவது வரை ஏதாவது ஓர் இருக்கையைக் கேளுங்கள். பொதுச்சீட்டு தெளிவாகத் தெரியும்.

டீலர் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. உட்கார்ந்ததும் நான் அவரிடமும் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு, "உங்கள் முறை வரும்போது நான் உங்களைப் பார்ப்பேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த அரை மணி நேரமும் அப்படியே செய்தார். ஒவ்வொரு தடவையும் கை விரித்து என் பக்கம் காட்டுவார். டீலர்கள் அரை மணிக்கு ஒருவராக மாறினார்கள். மாறிப் போகும்போது அவர் அடுத்தவரின் காதில் ஏதோ சொன்னார். அந்த இளைஞரும் என் பக்கம் கை காட்ட ஆரம்பித்தார்.

ஃபோனில் இரண்டு வருஷம் ஆடியது மூளைக்குத்தான் பயிற்சி. கைக்கு அதில் ஒன்றுமே இல்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

சீட்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. இரண்டையும் மேசையோடு ஒட்டி வைத்து, இடது கையால் மறைத்து, மூலையை மட்டும் கட்டைவிரலால் மடக்கிப் பார்க்க வேண்டும். நாம் ரம்மியில் பதின்மூன்று சீட்டை விசிறி மாதிரி விரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்தவர்கள். என் கை தானாகவே தூக்கியது. இடது பக்கத்துக்காரர், வெள்ளைத் தாடி, ஓய்வு பெற்ற பஸ் டிரைவராம், "அம்மா, எனக்குத் தெரிகிறது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெரிந்ததை வைத்து அவர் ஆடவில்லை, சொல்லிவிட்டார். பார்த்த பிறகு சீட்டின் மேல் ஒரு சிப்பை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மற்றவர்கள் எறியும் சீட்டோடு சேர்த்து டீலர் அள்ளிவிடலாம். அள்ளிவிட்டால் திரும்ப வராது.

சிப்புகளை ஒரே தடவையில் முன்னால் வைக்க வேண்டும். ஒருவர் 10 டாலர் வைத்திருந்தார், நான் 25 ஆக ஏற்ற நினைத்தேன். ஐந்து டாலர் சிவப்புச் சிப் இரண்டை வைத்துவிட்டு, இன்னும் மூன்று எடுக்கத் திரும்பினேன். அப்படிச் செய்தால் முதலில் வைத்ததுதான் செல்லும். வைத்துவிட்டு எதிராளியின் முகத்தைப் பார்த்து மேலே போடுகிற தந்திரத்தைத் தடுக்கத்தான் இந்த விதி. டீலர் இளைஞர் மூன்று சிப்பையும் திருப்பித் தந்தார். அந்தக் கை முடிந்து, சீட்டு கலைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, தாழ்ந்த குரலில், "முதலில் 'ரெய்ஸ், 25' என்று தொகையோடு வாயால் சொல்லிவிடுங்கள். பிறகு எத்தனை தடவை கையை நீட்டினாலும் பரவாயில்லை" என்றார். முந்தின நாளும் இதே மாதிரி விதி, இதே மாதிரி தவறு. பத்து விநாடி விளக்கம் தந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

இன்னொன்று நம் ஆட்களுக்கு முக்கியம். கையில் சீட்டு இருக்கும்போது கணவர் கயிற்றருகே வந்து "சாப்பிட வர்றியா?" என்றார். "இந்தக் கை முடியட்டும்ங்க" என்றேன். டீலர் உடனே, கை நடக்கும்போது மேசையில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சொன்னார். மற்ற மொழியில் பேசினால் சீட்டைப் பற்றிப் பேசுகிறோமா என்று யாருக்கும் தெரியாது, நியாயம்தான். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார் என்று மொழிபெயர்த்துச் சொன்னேன், எல்லோரும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள்.

இப்போது அந்தக் கை. எனக்கு இரண்டு ஆறு வந்தது. மூன்று டாலர் வைத்தேன். பட்டனில் இருந்த தொப்பிக்காரர் 12 ஆக்கினார். எனக்கு முன்னால் சேர்ந்திருந்த ஒருவரும் நானும் சமம் செய்தோம். நடுவில் 40 டாலர். முதல் மூன்று சீட்டு: ராஜா, ஏழு, எட்டு. தொப்பிக்காரர் 15 வைத்தார். மற்றவர் விலகினார். நான் விலகியிருக்க வேண்டும், ஜோடியை விட மனம் வரவில்லை, 15 போட்டேன். நாலாவது சீட்டு ஒன்பது. இருவரும் செக், அதாவது பணம் எதுவும் வைக்காமல் விட்டோம். ஐந்தாவது பத்து. இருவரும் மறுபடி செக். அவர் ஏஸையும் ராஜாவையும் திருப்பினார், ஒரு ஜோடி ராஜா. நான் என் சின்ன ஜோடியைப் பார்த்தேன். மேசையில் கிடந்த ஐந்தும் என் ஆறைவிடப் பெரியவை. போயிற்று என்று சீட்டைக் கவிழ்த்தபடியே தள்ளக் கை நீட்டினேன்.

மகள் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள்: "அம்மா, கடைசி வரைக்கும் போயிட்டா, தோத்தாலும் சீட்டைத் திருப்பி வெச்சுடு." அது நினைவுக்கு வந்தது. திருப்பினேன். டீலர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. மேசையில் இருந்த ஏழு, எட்டு, ஒன்பது, பத்து நாலையும் விரலால் சற்று முன்னே நகர்த்தி, என் ஆறு ஒன்றை அதோடு சேர்த்து, "ஸ்ட்ரெய்ட்" என்றார். ஆறிலிருந்து பத்து வரை வரிசை, அது ஜோடியை வெல்லும். நான் பார்க்கவே இல்லை. என் கண் ஜோடியிலேயே நின்றுவிட்டது. ரேக் போக மீதி எழுபதுக்குக் கொஞ்சம் குறைவு, குவியலாக என் பக்கம் வந்தது. சீட்டு பேசும் என்பது போக்கர் அறைகளின் விதி: வாயால் நாம் என்ன சொன்னாலும், திருப்பி வைத்த சீட்டுக்குத்தான் மதிப்பு. கவிழ்த்து எறிந்திருந்தால் அந்த எழுபதும் தொப்பிக்காரருக்குப் போயிருக்கும், யாரும் எதுவும் செய்திருக்க முடியாது. அவர் "நல்ல கை, மேடம்" என்று மேசையை இரண்டு தட்டு தட்டினார். நான் டீலருக்கு ஒரு டாலர் சிப்பைத் தள்ளினேன். ஜெயித்த கைக்கு ஒரு டாலர் கொடுப்பது இங்கே வழக்கம், அவர்கள் வருமானத்தில் பெரும்பகுதி அதுதான்.

நடுவில் கை கழுவப் போகும்போது கண்ணாடிச் சுவர் போட்ட தனி அறை ஒன்றைப் பார்த்தேன். 1978 உலகப் போக்கர் சாம்பியன் பாபி பால்ட்வின் பெயரில் பாபிஸ் ரூம் என்று வெகுகாலம் இருந்தது. பெரும்பணக்காரர்கள் ஆடும் இடம். எனக்கு அதைவிட நெருக்கமானவர் கிறிஸ் மணிமேக்கர். டென்னசியில் கணக்காளராக வேலை பார்த்தவர். 86 டாலர் இணையப் போட்டியில் ஜெயித்து இடம் பிடித்து, 2003 உலகப் போட்டிக்கு வந்தார். நேரில் உட்கார்ந்து ஆடும் பெரிய போட்டி அவருக்கு அதுதான் முதல் தடவை. 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அவருக்கும் முதல் நாள் கை நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு என் இருக்கைக்குத் திரும்பினேன்.

செலவுக் கணக்கைத் தருகிறேன், தொழில் புத்தி. நேரில் மணிக்கு முப்பது கை போல நடக்கிறது, ஃபோனில் ஆடுவதில் பாதிகூட இல்லை. நாலரை மணிக்கு ஏறக்குறைய 130 கை. ஒன்பது பேர் மேசையில் பட்டன் பதினாலு சுற்று வந்திருக்கும். ஒரு சுற்றுக்கு பிளைண்ட் மட்டும் நாலு டாலர், ஆகப் பதினாலு நாலு 56. நான் தோற்றது 57. அதாவது ஜெயித்த கைகளும் தோற்ற கைகளும் கிட்டத்தட்ட நேராகிவிட்டன. உட்கார்ந்திருந்ததற்கான வாடகை மட்டும் கொடுத்திருக்கிறேன். மணிக்குப் பதிமூன்று டாலருக்கும் குறைவு. இரண்டாவது தடவை ஆடுகிறவளுக்கு இது நல்ல கணக்கு.

சித்தியை நினைத்துக்கொண்டு இதையும் எழுதுகிறேன். ஏ.டி.எம். அட்டையையும் கிரெடிட் கார்டையும் ஹோட்டல் அறையிலேயே வைத்துவிட்டுப் போனேன். 200 டாலர் நோட்டு மட்டும்தான் பையில். கேசினோ ஏ.டி.எம்.களில் கட்டணமும் அதிகம், அவை இருக்கும் இடமும் கால் தானாகப் போகிற இடம். தோற்றதை இன்றே பிடித்துவிட வேண்டும் என்ற எண்ணம் மனதில் தலைகாட்டினால் எழுந்துவிடுங்கள். முந்தின நாள் நூறு போனபோது அந்த எண்ணம் எனக்கு வந்தது, அதனால்தான் எழுந்தேன். வீட்டில் யாருக்காவது சூதுப் பழக்கம் இருந்தால் அவரை இந்த ஊருக்கே கூட்டிக்கொண்டு வராதீர்கள்.

விருதுநகரிலிருந்து தம்பி கேட்டான், அங்கேயே ஃபோனில் பணம் வைத்து ஆடிப் பழகலாமா என்று. வேண்டாம். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் இந்தியாவில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. மேசையில் ஆடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கோவா போகிறார்கள். பனாஜியில் மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல்களில் அது உண்டு. நான் போனதில்லை.

பெலாஜியோவுக்குப் போவதாக இருந்தால் வார நாள் காலையிலோ மதியமோ போங்கள். நான் போனது செவ்வாய்க்கிழமை மதியம். மேசையில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றவர்கள், யாருக்கும் அவசரம் இல்லை. பேச்சு பேரப்பிள்ளைகள், மூட்டுவலி என்று ஓடியது. 21 வயது ஆகியிருக்க வேண்டும், பாஸ்போர்ட்டோ லைசென்ஸோ கையில் இருக்கட்டும். ஒரு ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏ.சி. கடுமை. டீலரிடம் புதிது என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் ஏமாற்றுவார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். நான் ஆடிய நாலரை மணியில், நான் எப்படி ஆடுகிறேன் என்பதைப் பத்தாவது கையிலேயே எல்லோரும் கண்டுபிடித்துவிட்டார்கள். சொல்லாமல் மறைத்தால் நஷ்டம் எனக்குத்தான்.

மார்ச்சில் மறுபடி போகிறோம். அதுவரை கையைப் பழக்க வேண்டும். இந்த வாரம் புளிக்குழம்புக்கு ஊறவைத்த கட்டையில் வந்த கொட்டைகளைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் ஐந்து ஐந்தாக அடுக்கி, "ரெய்ஸ்" என்று சொல்லிவிட்டு, ஒரே தள்ளில் இருபத்தைந்தை முன்னால் நகர்த்திப் பார்க்கிறேன். எதிரே கணவர் தன் பங்குக் கொட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறார்.